சிவப்பு லேசர் டையோடு: திறனும் நிறமும்

லேபிளில் போட்டிருக்கும் திறனும் (மில்லிவாட்) நிறமும் உண்மையா என்று சோதிக்கும்போது, ஒளிப்புள்ளி பளிச்சென்று தெரிவதை வைத்துத் திறனைக் கணிக்காதீர்கள். சம திறனில் 650 நானோமீட்டர் அலைநீளத்தைவிட (நிறத்தைக் குறிக்கும் அளவு) 635 நானோமீட்டர்தான் கண்ணுக்கு மிகப் பிரகாசம்.

சிலிக்கான் ஃபோட்டோடையோடை (ஒளியை மின்னோட்டமாக்கும் பாகம்) மல்டிமீட்டரின் மில்லிஆம்பியர் அளவீட்டில் இணையுங்கள். ஒளிப்புள்ளி முழுவதும் அதன் பரப்புக்குள் விழ வேண்டும். 5 மில்லிவாட்டுக்குச் சுமார் 2 மில்லிஆம்பியர் காட்டும்; தோராயம்தான், ஆனால் பொய் லேபிளைப் பிடித்துவிடும்.

நிறத்துக்குப் பழைய சி.டி. போதும். துளையிட்ட அட்டையின் வழியே, 1 மீட்டர் தள்ளியிருக்கும் சி.டி.யில் நேர்க்குத்தாக ஒளியைப் பாய்ச்சுங்கள். சி.டி.யின் நுண்ணிய வரிகள் ஒளியைப் பல புள்ளிகளாகப் பிரித்துத் திருப்பும். அட்டையில் துளைக்குப் பக்கத்தில் விழும் முதல் பக்கப்புள்ளி துளையிலிருந்து 44.5 செ.மீ. தள்ளி விழுந்தால் 650 நானோமீட்டர், 43.2 என்றால் 635. சி.டி. சற்றே சாய்ந்தாலும் கணக்கு கெடும்; இருபுறமும் அளந்து சராசரி எடுங்கள்.

சி.டி.யில் பட்டுத் தெறிக்கும் கதிரும் கண்ணைக் கெடுக்கும். சிவப்பு லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.