மாவுப்பூச்சியின் இனத்தைக் கண்டறிவது எப்படி?

மதுரை வட்டாரத்தில் பப்பாளிக் காயிலும் பருத்திக் கொழுந்திலும் செம்பருத்தி மொட்டிலும் வெள்ளையாக அப்பியிருப்பதை எல்லாம் மாவுப்பூச்சி, கள்ளிப்பூச்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வெண்மை, உடலின் மேல் சுரந்த மெழுகு மட்டுமே. இனத்தை அறிய மெழுகின் அமைப்பையும் அதற்கடியில் உள்ள உடலின் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். இறக்கையில்லாத, நன்கு வளர்ந்த பெண்பூச்சியையே பார்க்க வேண்டும். ஆண்பூச்சி இரண்டு இறக்கைகளுடன் கொசுவைப் போல இருக்கும். தடித்த மெழுகிழைகள் தாறுமாறாக நீண்டு, தொட்டதும் விரைந்து நகர்ந்தால், அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். அதைப் பூச்சியென்று நினைத்து மருந்தடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முதுகில் மெழுகு படியாத கரும்புள்ளிகள் இணையிணையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பருத்தி மாவுப்பூச்சி. முதுகில் நீளவாட்டில் இரண்டு கருங்கோடுகளும், பின்புறம் இரண்டு நீண்ட வால் இழைகளும், உடலைச் சுற்றிக் கண்ணாடி நார் போன்ற மெல்லிழைகளும் இருந்தால் அது வால் மாவுப்பூச்சி. உடலும் முட்டையும் இளஞ்சிவப்பாக இருப்பது செம்பருத்தி, திராட்சை, மல்பெரி ஆகியவற்றைத் தாக்கும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. மெழுகைத் தூரிகையால் ஒதுக்கும்போது மஞ்சள் உடல் தெரிந்து, ஓர இழைகள் மிகக் குட்டையாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சி என்று ஐயுறலாம். ஆல்கஹாலில் இட்டுவைத்த பூச்சி ஓரிரு நாளில் நீலக்கருப்பாக மாறினால் அந்த ஐயம் வலுப்படும்.

பெயரறியும் இந்தப் பாடு வீணன்று. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி வெகுவாக அடக்கியது. பருத்தி மாவுப்பூச்சிக்கு அந்தக் குளவி உதவாது.

ஆயினும் வெளித்தோற்றம் முடிவான சான்றாகாது. உடலை எரிகாரக் கரைசலில் தெளியவைத்து, கண்ணாடித் தகட்டில் பொருத்தி, உணர்கொம்பின் கணுக்களையும் மெழுகு சுரக்கும் நுண்துளைகளையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தே இனத்தை உறுதிசெய்வர். எனவே ஐயம் தீராதபோது, பல பெண்பூச்சிகளை இலைத்துண்டோடு 70 விழுக்காடு ஆல்கஹாலில் இட்டு, ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையினரிடம் காட்டலாம். செடியின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.