கான் தீவின் விமானத் தளத்தை வரலாற்றோடு சுற்றிப் பார்ப்பது எப்படி?

மாலத்தீவின் தென்கோடியில், நிலநடுக்கோட்டைத் தாண்டிச் சற்றுத் தெற்கே, அட்டு பவளத்தீவுக் கூட்டத்தில் கான் தீவு இருக்கிறது. அங்கே விமானத்தில் வந்து இறங்குவோரில் பலர் விடுதிப் படகைத் தேடி நேரே கரைக்குப் போய்விடுகிறார்கள். தாங்கள் இறங்கிய ஓடுபாதை ஒரு போர்க்காலத் தளத்தின் வழிவந்தது என்பதையும், அந்தத் தளத்துக்காக ஓர் ஊரே வேறு தீவுக்குப் பெயர்க்கப்பட்டது என்பதையும் அறியாமலே அவர்கள் திரும்பிவிடுவது வருந்தத்தக்கது. ஒரு முழு நாளை ஒதுக்கி, ஒரு மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டால், இந்த வரலாற்றை நிலத்திலேயே படித்துவிடலாம்.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கானின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஓடுபாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதன் இரு முனைகளும் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தீவின் நீளம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டிருக்கும். வீடுகளும் தோட்டங்களும் இருந்த ஒரு தீவில் இத்தனை பெரிய பாதை போட்டால் மக்கள் எங்கே போயிருப்பார்கள் என்ற கேள்வி அந்தப் படத்திலேயே எழும். அந்தக் கேள்வியோடு போகிறவருக்குத்தான் கான் தன்னைக் காட்டும்.

காலவரிசையையும் முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை இந்தியப் பெருங்கடலில் ஓர் இரகசிய நங்கூரத் தளம் தேடி வந்தபோது, ஆழமும் பரப்பும் மிகுந்த அட்டுக் கடற்கழியைத் தேர்ந்தெடுத்து அதற்குப் ‘போர்ட் டி’ என்று மறைபெயர் இட்டது. கானின் முதல் ஓடுதளம் அந்தப் போர்க்காலத்தில்தான் அமைந்தது. 1942 ஏப்ரலில் தளபதி நகுமோவின் தலைமையில் ஜப்பானியக் கப்பற்படை கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது, அது தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கீழைக் கப்பற்படையின் பெரும்பகுதி அட்டுவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு தளம் இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது. தளத்தைக் கட்டிய வீரர்களை எதிரியைவிட அதிகமாக வாட்டியது, உண்ணிக்காய்ச்சல் போன்ற நோய்கள்தாம்.

தளத்தின் இரண்டாம் கட்டத்துக்குக் காரணம் இலங்கை. 1956-இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, கட்டுநாயக்கவிலும் திருகோணமலையிலும் இருந்த பிரிட்டிஷ் தளங்களைத் திரும்பக் கேட்டார். 1957-இல் அவை ஒப்படைக்கப்பட்டன. மத்திய கிழக்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே விமானங்கள் இறங்கி எரிபொருள் நிரப்ப மாற்றிடம் தேவைப்பட்டதால் பிரிட்டன் மீண்டும் கானுக்கு வந்தது. ஆண்டுக்கு 2,000 பவுண்டு, நூறு ஆண்டுக் குத்தகை என்பது முதல் ஏற்பாடு. இப்ராஹிம் நாசிர் மாலத்தீவின் பிரதமரானதும் அதை ஏற்க மறுத்து, காலத்தைக் குறைக்கவும் தொகையை உயர்த்தவும் கோரினார். 1960-இல் கையெழுத்தான ஒப்பந்தம் முப்பது ஆண்டுகள் என்று வரையறுத்ததோடு, 1960 முதல் 1965 வரை 7,50,000 பவுண்டு வழங்கவும் வகைசெய்தது. இதற்கிடையே, தளத்தில் கிடைத்த வேலையும் வணிகமும் தலைநகர் மாலேயின் கட்டுப்பாடுகளால் கைநழுவிவிடுமோ என்று அஞ்சிய தெற்குத் தீவு மக்கள், 1959-இல் அப்துல்லா அஃபீஃப் தலைமையில் தனிநாடு அறிவித்தார்கள். அது 1963-இல் முடிவுக்கு வந்தது. விமானத் தளத்தின் கதையை இந்தக் கிளர்ச்சியிலிருந்து பிரித்துச் சொல்லும் எந்தக் குறிப்பையும் அரைகுறை என்றே நான் கொள்வேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நடக்கத் தொடங்கலாம். ஓடுபாதையும் முனையமும் இன்றும் இயங்குபவை. வேலியை ஒட்டிப் படம் எடுப்பதற்கு முன் அங்குள்ள காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து பழைய முகாம் பகுதிக்கு வந்தால், பிரிட்டிஷார் விட்டுச்சென்ற ‘ஆஸ்ட்ரா’ திரையரங்கையும், போர் நினைவுச் சின்னத்தையும், அதன் அருகே நிறுத்தப்பட்டுள்ள பழைய பீரங்கிகளையும் காணலாம். நினைவுச் சின்னத்தில் இந்தியப் படைப்பிரிவுகளும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவசரப்படாமல் நின்று வாசியுங்கள்.

மறுபயன்பாடு எப்படி நடந்தது என்பதை அறிய ‘ஈக்குவேட்டர் வில்லேஜ்’ விடுதிக்குள் போக வேண்டும். சார்ஜென்ட்களின் மெஸ்ஸாக இருந்த இடம் அது. சொகுசு விடுதிகளில் காணும் தண்ணீர்மேல் குடில்கள் இங்கே இல்லை; ஒரே அளவில் வரிசையாகக் கட்டிய படைக்குடியிருப்பு அறைகளே விருந்தினர் அறைகளாக மாறியிருக்கின்றன. வரிசைகளுக்கு இடையிலான நடைபாதைகளையும் அறைகளின் ஒழுங்கையும் கவனித்தால், திட்டமிட்டவரின் மனத்தில் இருந்தது சுற்றுலா அல்ல என்பது கண்கூடாகத் தெரியும்.

1976 மார்ச்சில், குத்தகைக் காலம் முடிவதற்குப் பல ஆண்டுகள் இருக்கும்போதே, செலவுக் குறைப்புக்காகப் பிரிட்டன் வெளியேறியது. தளத்தை நம்பிப் பிழைத்தவர்கள் ஒரேயடியாக வேலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு சோவியத் ஒன்றியம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வாடகை தருவதாகக் கேட்டும் நாசிர் மறுத்துவிட்டார். கைவிடப்பட்ட கட்டடங்களில் 1980-களில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. 2005 தொடக்கத்தில், ஒவ்வொரு நாடும் இவ்வளவு ஆடைதான் ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வகுத்த பன்னாட்டு ஒதுக்கீட்டு முறை ஒழிந்ததும் அந்தத் தொழிலும் நிலைக்கவில்லை. இறுதியில் தீவுக்குக் கைகொடுத்தது ஓடுபாதைதான். உள்நாட்டுச் சேவையில் தொடங்கிப் பன்னாட்டு விமான நிலையமாக அது வளர்ந்தது. 2016 டிசம்பரில் ஸ்ரீலங்கன் நிறுவனம் கொழும்பிலிருந்து நேரடிச் சேவையைத் தொடங்கியது.

முக்குளிப்பில் பயிற்சி பெற்றவர்கள், கடற்கழியின் அடியில் கிடக்கும் ‘பிரிட்டிஷ் லாயல்டி’ என்னும் எண்ணெய்க் கப்பலுக்கும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாம். 1944 மார்ச்சில், நுழைவாயிலில் கட்டியிருந்த பாதுகாப்பு வலையின் இடைவெளி வழியாக ஜெர்மானிய நீர்மூழ்கி யு-183 எய்த டார்பிடோ அதைத் தாக்கியது. போர் முடிந்த பின் 1946-இல் பிரிட்டிஷாரே அதை மூழ்கடித்தார்கள்.

பிற்பகலைக் கண்டிப்பாகக் கானுக்கு வெளியே செலவிடுங்கள். தீவுகளைக் கடல்மேல் இணைக்கும் கட்டுப்பாதையில் மிதிவண்டியை ஓட்டினால் முதலில் ஃபேதூ வரும். கானில் இருந்த மக்கள் குடியமர்த்தப்பட்டது இங்கேதான்; அவர்களுக்கு இடம் விட, ஃபேதூவில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் அடுத்துள்ள மரதூவுக்குப் போக நேர்ந்தது. ஒரு தீவின் ஓடுபாதை மூன்று தீவுகளின் குடியிருப்பை மாற்றிவிட்டது. அதே சாலை வடக்கே ஹிததூ வரை போகிறது. வானொலி நிலையத்துக்காகப் பிரிட்டிஷார் இடம் கேட்ட தீவு அது. 2011 நவம்பரில் சார்க் உச்சி மாநாடு கூடிய மண்டபமும் அங்கேதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் மூடியிருக்கும் என்பதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர்களோடு பேச வாய்ப்புக் கிடைத்தால், படையினரைப் பற்றிய கேள்வியோடு தொடங்காதீர்கள். அவர்களுடைய குடும்பம் முதலில் எந்தத் தீவில் இருந்தது என்று கேளுங்கள். ஆங்கிலம் அறிந்த இளையவர் ஒருவரை உடன் அழைத்துப் போனால் பேச்சு எளிதாக நடக்கும். சொல்வதை எழுதிக்கொள்ளவோ பதிவு செய்யவோ விரும்பினால் முதலிலேயே அனுமதி கேட்டுவிட வேண்டும்.