பெயின்ட்பால் ஆட்டத்துக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை

பெயின்ட் அடைத்த சிறு குண்டுகளால் எதிரணியினரைச் சுட்டு ஆடுவது பெயின்ட்பால். அதற்கான மார்க்கர் எனப்படும் துப்பாக்கியும் முகக்கவசமும் மைதானத்திலேயே வாடகைக்குக் கிடைத்துவிடும் என்பதால், முதன்முறை ஆடப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையுடன் போய் நிற்கிறார்கள். ஒன்றிரண்டு சுற்றுகள் ஆட அது போதும். காலையிலிருந்து மாலைவரை ஆடுவதாக இருந்தால் சில துணைப்பொருள்கள் இல்லாமல் சிரமப்பட நேரிடும். அவற்றுள் முகக்கவசத்தின் லென்ஸைத் தெளிவாக வைத்திருக்க உதவுபவற்றுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

பெயின்ட் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 300 அடி வேகம்வரை பாய்ந்து வரக்கூடியது. அந்த வேகத்தில் திறந்த கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். இது தெரிந்தவர்கள்கூட ஆட்டத்தின் நடுவில் கவசத்தைத் தூக்கிவிடுவதற்குக் காரணம், மூச்சுக்காற்றின் ஈரம் லென்ஸின் உட்புறத்தில் படிந்து எதிரே நிற்பவர் யாரென்றே தெரியாமல் போவதுதான். இடையில் காற்று அடைபட்ட இரட்டை அடுக்குத் தெர்மல் லென்ஸ், ஒற்றை லென்ஸைவிட மிகக் குறைவாகவே பனிக்கும் என்பதால், சொந்தமாக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியுமென்றால் அத்தகைய லென்ஸ் பொருத்திய கவசத்தையே வாங்குங்கள். அதனுடன் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள் வேண்டும். பெயின்ட் துடைத்த துணியால் உட்புறத்தைத் தொடக்கூடாது என்பதால் ஒன்றை வெளிப்புறத்துக்கும் மற்றொன்றை உட்புறத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள். உட்புறத்தை அழுத்தித் தேய்த்தால் பனிபடியாமல் காக்கும் பூச்சு போய்விடும். மெல்ல ஒற்றி எடுத்தாலே போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவம் லென்ஸைப் பாழாக்கும் என்பதால் ஒரு சிறு புட்டியில் வெறும் தண்ணீர் கொண்டுபோங்கள். எதுவும் தெரியாத அளவுக்கு லென்ஸ் மறைந்துவிட்டால், கவசத்தைக் கழற்றாமல் கையை உயர்த்தி நடுவரை அழைத்து, பாதுகாப்புப் பகுதிக்கு வந்த பிறகுதான் துடைக்க வேண்டும்.

அடுத்ததாக, குண்டு வெளியேறும் மார்க்கரின் குழாயைக் கவனிக்க வேண்டும். குண்டு உள்ளேயே உடைந்தால், பின்னால் வரும் குண்டுகள் அந்தப் பெயின்ட்டில் வழுக்கித் திசைமாறிப் பறக்கும். ஸ்குவீஜி எனப்படும் துடைப்புக் கோல் ஒன்று இருந்தால் அரை நிமிடத்தில் சுத்தம் செய்துவிடலாம். குழாயின் வாயை மூடும் உறையைப் பல இடங்களில் மைதானமே கொடுக்கும் என்றாலும், சொந்தமாக ஒன்று வைத்திருந்து களத்தைவிட்டு வெளியேறும்போதெல்லாம் தவறாமல் மாட்டுங்கள். சுற்றிலும் கவசமில்லாமல் நிற்பவர்களைக் காப்பது அதுதான்.

மார்க்கரின் மேல் உள்ள ஹாப்பர் எனும் குண்டுக் கலனில் சுமார் 200 குண்டுகள் பிடிக்கும். அவை தீர்ந்ததும் திரும்பி ஓடாமலிருக்க, 140 குண்டுகள் கொள்ளும் பாட் எனும் குழல்களையும் அவற்றை இடுப்பில் செருகிக்கொள்ளும் பட்டையையும் பயன்படுத்தலாம். புதியவர்களுக்கு இரண்டு பாட்களே தாராளம். குண்டின் மேலோடு ஜெலட்டினால் ஆனது. ஈரம் பட்டால் உப்பும், வெப்பத்தில் இளகும். ஆகவே வெயிலில் நிற்கும் காருக்குள் குண்டுப் பையை விட்டுவிடாதீர்கள். தரையில் சிந்தியவற்றைப் பொறுக்கிப் போடுவதும் வேண்டாம். ஒட்டிய மண்ணோடு அவை உள்ளே போனால் குழாய்க்குள்ளேயே உடையும்.

உடலைப் பொறுத்தவரை, தளர்வான முழுக்கைச் சட்டையும் நீளமான பேண்ட்டும் அடியின் வலியைக் கணிசமாகக் குறைக்கும். விரல் கணுக்களில் படும் அடி நெடுநேரம் வலிக்கும் என்பதால் கையுறையும், கவசம் மறைக்காத தொண்டைப் பகுதிக்குக் கழுத்துப்பட்டையும் அவசியம். மண்டியிட்டு ஒளிந்து ஆடுகிறவர்களுக்கு முழங்கால் பட்டை பெரிய உதவி. கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காத காலணி அணியுங்கள்.

சொந்த மார்க்கர் வைத்திருப்பவர்கள் அதற்குரிய அளவுகளில் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள், அலன் கீ எனும் அறுகோணத் திருகுசாவி, மார்க்கர் எண்ணெய், மாற்று பேட்டரி ஆகியவற்றை ஒரு சிறு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. மார்க்கருடன் பொருத்தும் காற்றுச் சிலிண்டரில் காற்று கசிவதற்குத் தேய்ந்துபோன ஓ-ரிங்கே அடிக்கடி காரணமாக இருக்கும்.

பெயின்ட் தண்ணீரில் கரைந்துவிடும். இருந்தாலும் திரும்பும்போது உடுத்த ஒரு மாற்றுடையும், அழுக்குத் துணிகளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையும், தாகத்துக்குப் போதிய குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள். வீடு வந்ததும் லென்ஸைக் கழற்றி வெளிப்புறத்தைக் கழுவி, நிழலில் உலரவிட்டு, விரிசலோ ஆழமான கீறலோ தெரிந்தால் அடுத்த ஆட்டத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.