நிறம் போனால் மருந்தும் போய்விடுமா? தண்ணீரிலிருந்து அன்டிபயோட்டிக்கை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவர் போத்தல்களோடு என் வீட்டு விறாந்தைக்கு வந்தார்கள். தண்ணீரில் கலந்திருக்கும் அன்டிபயோட்டிக்கை வெயிலால் அழிப்பதுதான் அவர்களுடைய செயற்றிட்டம். மருந்துக்குப் பதிலாக மெதிலின் நீலச் சாயம் கரைத்து, அதில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளைத் தூளைப் போட்டிருந்தார்கள். "சேர், காலைல வெயில்ல வச்சம், பின்னேரத்துக்குள்ள நிறம் முழுக்கப் போயிட்டு" என்றான் ஒருவன். முகமெல்லாம் சந்தோசம்.

"சரி தம்பி, ஒன்றை இருட்டில வச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அன்றைக்கே அதேபோல ஒரு போத்தல் கலக்கி, கறுப்புத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தோம். மறுநாள் எடுத்தால் அதிலும் நீலம் நன்றாகவே குறைந்திருந்தது. அடியில் படிந்த வெள்ளைத் தூள் வெளிர்நீலமாகியிருந்தது. சாயத்தில் ஒரு பங்கு தூளின் மேல் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் துறையில் எங்கும் நடக்கும் தவறு இது. தண்ணீரில் காணவில்லை என்றதும் அழிந்துவிட்டது என்று எழுதிவிடுகிறோம். இருட்டில் ஒரு போத்தலும், தூள் போடாமல் வெயிலில் ஒரு போத்தலும் கூடவே இருக்க வேண்டும். மெதிலின் நீலம் வெயிலில் தானாகவும் கொஞ்சம் வெளுக்கும். சிப்ரோஃப்ளொக்சசின், டெட்ராசைக்கிளின் போன்ற மருந்துகளும் அப்படித்தான், வெயில் பட்டால் தாமாகவே ஓரளவு சிதையும்.

நம் திருகோணமலை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆசையும் வரும். புல்மோட்டை மணலில் இல்மனைட்டு, ரூட்டைல் என்ற கனியங்கள் இருக்கின்றன, ரூட்டைல் என்பதே தைத்தேனியம் ஈரொட்சைட்டு, அப்ப மணலையே போட்டால் என்ன? ஆசை நியாயமானது. ஆனால் மணல் பரல் பெரியது, அதனால் வேலை நடக்கும் மேற்பரப்பு மிகக் குறைவு. அதோடு, இந்த வேலைக்குப் பொதுவாக ரூட்டைலைவிட அனட்டேஸ் என்ற பளிங்கு வடிவமே திறமானது. ஆய்வுகூடங்களில் பாவிக்கும் தூள் மிக நுண்ணியது, பெரும்பாலும் அனட்டேஸ். கைப்பிடி மணலைப் போத்தலில் போட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது, காய்ச்சி வடித்த நீரில் மட்டும் செய்து பார்ப்பது. அங்கே எல்லாம் அழகாக வேலை செய்யும். நிலாவெளிப் பக்கம் கடலோரக் கிணறு ஒன்றிலிருந்து ஒரு வாளி அள்ளி, அதில் செய்து பாருங்கள். வெயில் பட்ட தூள் தண்ணீரில் உண்டாக்கும் ஐதரொட்சில் மூலிகங்கள் என்ற வீரியமான துணிக்கைகள்தான் மருந்தைத் தாக்க வேண்டும்; அவற்றை அந்தத் தண்ணீரிலுள்ள உப்பும் இருகாபனேற்றும் இடையில் மறித்துத் தின்றுவிடும். கல்சியமும் மக்னீசியமும் வேறு சேட்டை செய்யும். டெட்ராசைக்கிளின் குளிசையைப் பாலோடு குடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்வதற்குக் காரணம், அது கல்சியத்தோடு சேர்ந்து கட்டிக்கொள்வதுதான். வன்னீரிலும் அதே கட்டு விழும், மருந்து நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

மருந்து பாதி மாறியவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பதும் ஆபத்து. சிப்ரோஃப்ளொக்சசினைக் குளோரீனோ ஓசோனோ தாக்கும்போது முதலில் உடைவது பெரும்பாலும் மூலக்கூறின் ஓரத்திலுள்ள பைப்பரசீன் வளையம். கிருமியைக் கொல்லும் நடுப்பகுதி அப்படியே இருக்கலாம். கருவியில் 'சிப்ரோ இல்லை' என்று வரும், தண்ணீருக்கோ கிருமியைத் தடுக்கும் குணம் மிச்சமிருக்கும். அதனால் சுத்திகரித்த நீரை பக்டீரியா வளர்த்த தட்டில் சொட்டுவிட்டுப் பார்ப்பதையும் சோதனையில் சேர்க்க வேண்டும்.

இனி வீட்டு விசயம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் மருந்தும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதிக்க வைப்பது கிருமிக்கு. அதைக் கட்டாயம் தொடருங்கள். அமொக்சிசிலின் சூட்டில் ஓரளவு சிதையும், சிப்ரோவுக்கு அந்தச் சூடு காணாது. வீட்டு வடிகட்டியில் இருக்கும் புறஊதா விளக்கும் கிருமிக்கு அளவெடுத்ததுதான். மருந்தைச் சிதைக்க அதைவிடப் பல மடங்கு ஒளி வேண்டும், வழக்கமாக ஐதரசன் பெரொட்சைட்டும் கூடவே சேர்ப்பார்கள்.

சிரட்டைக் கரி பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. சிரட்டையிலிருந்து செய்யும் அக்டிவேட்டட் காபன் மிக நல்ல பொருள், இலங்கை அதை உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறது. கரியை நீராவியில் மிக உயர்ந்த வெப்பத்தில் வாட்டி, கண்ணுக்குத் தெரியாத துளைகளைத் திறக்கிறார்கள். ஒரு கிராமின் உள்மேற்பரப்பு 1000 சதுர மீற்றர் அளவுக்குப் போகும். அடுப்பில் எரித்த சிரட்டைக் கரியை இடித்துப் போட்டால் அது கிடைக்காது. நல்ல காபனும் நிறையும். இலைதழை ஊறிய பழுப்புத் தண்ணீரிலுள்ள சேதனப் பொருட்கள் முதலில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்துக்கு இடம் மிஞ்சாது. இதில் கொடுமை என்னவென்றால், நிறைந்த வடிகட்டியும் தெளிந்த தண்ணீரையே தரும். கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. மாற்ற வேண்டிய நாளை வடிகட்டியின் மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள். கழற்றிய காபனைக் கிணற்றடியில் கொட்டாதீர்கள்.

தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. வடிகட்டி மருந்தை நன்றாகவே தடுக்கும். தடுத்ததையெல்லாம் கழிவுக் குழாயால் வெளியே விடும். அந்தக் குழாய் வளவின் மணலுக்குள் இறங்கினால், கொஞ்சம் தள்ளி இருக்கும் கிணற்றுக்குத்தான் அது திரும்பி வரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கணக்கும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீண் பயம். ஒரு லீற்றரில் 100 நானோகிராம் மருந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினம் 2 லீற்றர் குடித்தால், 500 மில்லிகிராம் குளிசை ஒன்றின் அளவு உடம்புக்குள் போக 6,800 வருடங்களுக்கு மேலாகும். ஆகவே குடிப்பவருக்கு மருந்தேறிவிடும் என்பது இங்கே பிரச்சினையே இல்லை. கிருமியைக் கொல்லப் போதாத சிறிய அளவுகூட, மருந்துக்கு அடங்காத பக்டீரியாவுக்குச் சாதகமாகும் என்பதுதான் பிரச்சினை. அது நடப்பது மலக்குழியில், வடிகாலில், கோழி எரு போட்ட மண்ணில். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணித்திருக்கிறார்கள்.

அதனால் குசினிக் குழாயில் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, மருந்து புறப்படும் இடத்தை விட்டுவிடுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். வாயால் குடிக்கும் அமொக்சிசிலினில் சுமார் 60 வீதம் 6 முதல் 8 மணித்தியாலத்துக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். ஐதராபாத்துக்கு அருகே பட்டாஞ்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்த பிறகும் லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோ இருந்ததை 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மருந்து குடித்த நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அது கூட. சுவிற்சர்லாந்து 2016இலிருந்து தெரிவுசெய்த கழிவுநீர் நிலையங்களிலேயே இத்தகைய நுண்மாசுகளில் 80 வீதத்தை நீக்கச் சட்டம் போட்டிருக்கிறது; அதற்குப் பெரும்பாலும் ஓசோனோ காபனோ பாவிக்கிறார்கள். கழிவு ஒன்றுசேரும் இடத்தில் மருந்தின் செறிவு கூட, சுத்திகரிக்க வேண்டிய நீரின் அளவு குறைவு. ஆஸ்பத்திரி வடிகாலிலும் கோழிப் பண்ணை வாசலிலும் செய்வது மலிவாக முடிவதற்கு இதுதான் காரணம்.

வீட்டில் செய்யக்கூடியது சின்னது. போன மாதம் பிள்ளைக்கு வாங்கிய சிரப் மிச்சம் இருந்தால் சிங்கிலோ மலசலகூடத்திலோ ஊற்றாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். பார்மசியில் திருப்பி எடுத்தால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் பாவித்த தேயிலைச் சக்கையோடு பிசைந்து, பையில் இறுகக் கட்டி, குப்பை வண்டியில் போடுங்கள்.