ஊருக்குப் பறக்கும்போது தனிமையைத் தொலைக்கும் வழிகள்

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி தன் டிக்கெட்டைக் காட்டினான். மெல்பர்ன் வந்தபின் அவனுக்கு முதல் பொங்கல். "அக்கா, சிங்கப்பூர்ல ஒரு மணி நேரம்தான் நிக்கணும், சூப்பர் கனெக்‌ஷன்" என்று முகமெல்லாம் சிரிப்பு. பதினோரு வருடத்துக்கு முன் இதே சிரிப்போடு இப்படி ஒரு டிக்கெட்டைக் காட்டியவள்தான் நானும்.

பாஸ்போர்ட்டை மறக்காதே, பெட்டியை எடை போட்டுப் பார் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவலை வேறு. இந்தப் பக்கம் அலுவலகம், அந்தப் பக்கம் இருபது பேர் கூடுகிற வீடு. நடுவில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு நாள் கையில் கிடைக்கிறது. அதைத்தான் எல்லாரும் இப்படியெல்லாம் கோட்டை விடுகிறார்கள்.

சீக்கிரம் போய்ச் சேரத் துடிப்பது

மெல்பர்னிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய எட்டு மணி நேரம், அங்கிருந்து சென்னை நான்கு மணி நேரம். இடையில் ஒரு மணி நேரம் மட்டும் இருந்தால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஓட மட்டும்தான் முடியும். நான் ஐந்தாறு மணி நேரம் இருக்கிற மாதிரிதான் பதிவு செய்கிறேன். மூன்றாம் முனையத்துப் பட்டாம்பூச்சித் தோட்டத்தில் ஒரு பெஞ்ச், கையில் ஒரு காபி. பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள், இருட்டினால் பூச்சிகள் அடங்கிவிடும். நிலையத்தை ஒட்டிய ஜூவல் வளாகத்து அருவியைப் பார்க்கக் குடிநுழைவைத் தாண்டி வெளியே போக வேண்டும் என்று நினைத்து ஏங்குகிறவர்கள் உண்டு. இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவே ஓடும் ஸ்கைட்ரெயினில் ஏறினாலே போதும், 40 மீட்டர் அருவி ஜன்னலுக்கு வெளியே கொட்டும்.

'துணைக்கு' ஒப்புக்கொள்வது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். அம்மா போன் செய்தார். "தனியாவா வர்ற? நம்ம தெருவுல ஒரு ஆன்ட்டி, பொண்ணு பிரசவத்துக்கு அங்கதான் வந்திருக்காங்க. அதே வாரம் கிளம்புறாங்களாம். உனக்கும் துணை, அவங்களுக்கும் துணை." நானும் சரி என்று என் டிக்கெட்டை ஆன்ட்டியின் விமானத்துக்கு மாற்றினேன். ஜனவரியில் இங்கே பள்ளி விடுமுறை, கட்டணம் உச்சியில் நிற்கும். மாற்றியதற்கு 310 டாலர் போனது. சாங்கியில் எனக்கிருந்த ஆறு மணி நேரம் எழுபது நிமிடமாகச் சுருங்கியது.

சிங்கப்பூரில் இறங்கினால், மகள் முன்பே சொல்லி வைத்திருந்த சக்கர நாற்காலியோடு ஒருவர் வாசலிலேயே காத்திருந்தார். ஆன்ட்டி ராணி மாதிரி முன்னே போக, அவருடைய இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு நான் பின்னால் ஓடினேன். அடுத்த விமானத்தில் என் ஜன்னல் இருக்கையைக் கேட்டார், கொடுத்தேன். உட்கார்ந்ததும் திரையை இழுத்து மூடிவிட்டுத் தூங்கிவிட்டார். நடு இருக்கையில் நான்கு மணி நேரம் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் சொன்னது: "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா வழியெல்லாம் பேசவே இல்ல."

வயதானவர்களைத் தனியே விடச் சொல்லவில்லை. விமான நிறுவனத்தை 48 மணி நேரத்துக்கு முன் அழைத்துச் சக்கர நாற்காலி கேட்டால் வாசலுக்கு வாசல் அழைத்துப் போகிறார்கள். ஆங்கிலம் தெரியாதவர், முதல் தடவை பறக்கிறவர் என்றால் அந்த உதவியே போதும். விமான நிறுவனத்தின் எண்ணை அம்மாவிடம் கொடுங்கள், உங்கள் பயணத் தேதியைக் கொடுக்காதீர்கள். குடும்ப வாட்ஸாப் குழுவிலும் போடாதீர்கள். போட்டால் துணையோடு பார்சலும் வந்து சேரும்.

வைஃபை

இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

லேப்டாப்பைத் திறப்பது

திறந்தால் அது அலுவலகம்.

சாப்பாட்டை எதிர்பார்ப்பது

விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்துக்குச் சமம். ஆனால் ஊட்டியின் ஈரம் இல்லை, காற்று காய்ந்து கிடக்கும். அதனால் உப்பும் இனிப்பும் நாக்கில் குறைவாகத்தான் ஏறும். என் கைப்பையில் எப்போதும் இரண்டு சின்ன ஊறுகாய் பாக்கெட் இருக்கும். அப்புறம், முன்கூட்டியே சொல்லிவைத்த சைவச் சாப்பாடு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடும். ஆனால் காலித் தட்டு, கடைசி வரிசை சாப்பிட்டு முடிக்கும்வரை உங்கள் மடிமேல்தான். அதற்குள் எழுந்து போக முடியாது. புத்தகத்தை முதலிலேயே கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் தரையைத் தொட்டதும் போனை உயிர்ப்பிப்பது

சுற்றி எல்லாருடைய போனும் கத்தத் தொடங்கும். "இறங்கிட்டேன்மா", "பெல்ட்டுல பெட்டி வரல", "எந்த கேட்?" நான் பெட்டி வரும்வரை என்னுடையதைத் தொடுவதில்லை. அப்பா எப்படியும் இரண்டு மணி நேரம் முன்பே வந்து, வெளியே அதே தூண் பக்கத்தில்தான் நிற்பார்.