பிஎச்.டி.க்குப் பிறகு ஜே.டி.: ஆய்வகத்திலிருந்து காப்புரிமைச் சட்டத்துக்குப் போவது எப்படி?

அமெரிக்காவில் வேதியியல், உயிரியல் என்று பிஎச்.டி. முடித்து, இரண்டாவது போஸ்ட்டாக்கும் (பிஎச்.டி.க்குப் பிறகான தற்காலிக ஆய்வுப் பணி) ஓடிப்போய், பேராசிரியர் வேலை அமையாமல் அல்லாடுகிற நம்மவர்கள் நிறையப் பேர். மறுபடி படித்துத் துறை மாறலாமா? தாராளமாக மாறலாம். ஆனால் இன்னொரு பிஎச்.டி. வேண்டாம். ஏற்கெனவே அந்தப் பட்டம் உள்ளவர்களைப் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்வதே இல்லை. படித்த அறிவியல் வீணாகாத வழி ஒன்று உண்டு: ஜே.டி. என்ற சட்டப் பட்டம் படித்துக் காப்புரிமை வழக்கறிஞர் ஆவது.

முதலில் வேலை பிடிக்கிறதா என்று பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸில் உங்கள் துறைக் காப்புரிமைகள் சிலவற்றைத் திறந்து, கடைசியில் இருக்கும் உரிமைக்கோரல்களை, அதாவது கண்டுபிடிப்பில் எதெல்லாம் தனக்குச் சொந்தம் என்று சொல்லும் வரிகளைப் படியுங்கள். எவ்வளவு நீண்டாலும் ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம்தான். அப்புறம் நீங்களே ஒன்று எழுதுங்கள். ரப்பர் வைத்த பென்சிலையே எடுத்துக்கொள்ளலாம். 'பசையால் ஒட்டிய ரப்பர்' என்று எழுதினால், தகட்டால் இறுக்கி விற்பவர் தப்பிவிடுவார். 'இணைந்த ரப்பர்' என்றால் அவரும் சிக்குவார். ஆனால் சொல் விரிய விரிய, ஏற்கெனவே இருக்கும் பொருளோடு போய் முட்டும். 1858-இல் ஹைமன் லிப்மன் ரப்பர் வைத்த பென்சிலுக்கு வாங்கிய காப்புரிமையை, தெரிந்த இரண்டு பொருட்களைச் சேர்த்தது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்று 1875-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. இந்தச் சொல் சண்டையில் நேரம் போனதே தெரியவில்லை என்றால், மேலே படியுங்கள்.

அடுத்து, காப்புரிமை அலுவலகத்தின் தேர்வு. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் போதும், சட்டப் படிப்பு தேவையில்லை. 100 கொள்குறி வினாக்கள், மூன்று மணி நேரமாக இரண்டு அமர்வுகள், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் காப்புரிமை முகவராக, அதாவது பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதி நடத்துபவராகப் பதிவு செய்யலாம். வேலை விசாவில் இருப்பவருக்கு, விசா இந்த வேலையை அனுமதித்தால், வரையறுக்கப்பட்ட அங்கீகாரம் மட்டும் கிடைக்கும்.

இப்போது வேலை தேடுங்கள். சட்ட நிறுவனங்கள் பிஎச்.டி. படித்தவர்களைத் தொழில்நுட்ப நிபுணராகவோ முகவராகவோ எடுக்கின்றன. சில நிறுவனங்கள் மாலை நேரச் சட்டக் கல்லூரிக் கட்டணத்தையும் கட்டுகின்றன. எவ்வளவு கட்டுவார்கள், முடித்த பிறகு எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கைக்காசில் ஜே.டி. சேர்வதைக் கடைசி வழியாகத்தான் நான் சொல்வேன்.

சட்டக் கல்லூரியில் சேர வழக்கமாக எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண் 120 முதல் 180 வரை. லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதியை 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள், அதனால் பழைய புத்தகத்தை வாங்கி ஏமாறாதீர்கள். விண்ணப்பத்துக்கான ஜி.பி.ஏ.வில் (மதிப்பெண் சராசரி) இளநிலைப் பட்ட மதிப்பெண்தான் கணக்கு, பிஎச்.டி. மதிப்பெண் சேராது. இந்தியாவில் பி.எஸ்சி. படித்திருந்தால் ஜி.பி.ஏ. போடாமல் தனியாக மதிப்பிடுவார்கள். ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) வரத் தாமதமாகும், அதற்குச் சீக்கிரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஜே.டி. முழுநேரமாக மூன்று ஆண்டு. ஜார்ஜ்டவுன், ஃபோர்டாம் போன்ற இடங்களில் மாலை வகுப்பாகப் படித்தால் பெரும்பாலும் நான்கு. பிறகு வழக்கறிஞராவதற்கான மாநில பார் தேர்வு. அதில் தேறினால் நீதிமன்றத்தில் வாதாடலாம், உரிம ஒப்பந்தங்களுக்கு ஆலோசனை சொல்லலாம். முகவருக்கு இந்த இரண்டும் கிடையாது. காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதி நடத்துவதை மட்டும் அவர் முழுதாகச் செய்யலாம். அந்த எழுத்து வேலையே போதும் என்று சிலருக்குத் தோன்றும். அவர்களுக்கு ஜே.டி. தேவையே இல்லை.