பழம்பாட்டில் போதைச் செடி தேடும்போது

சேலத்தில் இருபது வருடமாகச் சங்கப் பாட்டு நடத்துகிறேன். "வேலன் எதைத் தின்றுவிட்டு வெறியாடினான், அம்மா?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். வேலன் என்பவன் முருகனின் பூசாரி; சாமி வந்து அவன் ஆடுவதுதான் வெறியாட்டு. வினைச்சொல்லைப் பார் என்பேன். செடியைத் தின்கிறார்களா, குடிக்கிறார்களா, சூடுகிறார்களா? பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் 'வெறியாட்டு அயர்ந்த காந்தளும்' என்கிறது. உடனே இதுதான் போதைச் செடி என்று தோன்றும். ஆனால் திருமுருகாற்றுப்படையில் முருகன் அந்தப் பூவைத் தலையில்தான் சூடியிருக்கிறான். அதே பாட்டில் கானவர், அதாவது காட்டு வேடர்கள், குடிப்பது, நெடிய மூங்கிலில் விளைந்த தேன் கள். குடித்துவிட்டுக் குரவை ஆடுகிறார்கள்.

அப்புறம் செடியை நேரில் பாருங்கள். மழைக்காலத்தில் சேர்வராயன் மலைச்சரிவின் புதர்களில் தேடுங்கள். இலை நுனி சுருண்டு பக்கத்துக் கிளையைப் பிடித்திருக்கும். ஆறு இதழும் நெளிநெளியாக மேலே வளைந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக எரியும். 'சுடர்ப்பூங் காந்தள்' என்ற சொல் அங்கேதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

பார்ப்பதோடு சரி, வாயில் வைக்கவே கூடாது. இதன் கிழங்குதான் கண்வலிக் கிழங்கு. அதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு வாந்தியும் பேதியுமாக ஆளையே கொல்லும்.

ஊகத்தை ஊகமென்றே எழுதுங்கள். உதாரணத்துக்கு, கிரேக்கத்து எலூசிஸ் சடங்கைப் பற்றிய பழைய துதியில் தெமேத்தர் என்ற தெய்வம் குடிப்பது தண்ணீர், பார்லி மாவு, ஒருவகைப் புதினா. அதில் தானியத்தில் வளரும், மனதை மயக்கும் எர்காட் பூஞ்சை இருந்தது என்பது வாசன், ஹாஃப்மன், ரக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1978-இல் முன்வைத்த கருத்து. துதியில் அந்த வரி இல்லை.